பீடிச் சுளகுக்கு அருகில் ஒரு சிலேட்டு: எழுத்தறிவு வகுப்பு தொடங்குவோருக்கு

முக்கூடல், வீரவநல்லூர், மேலப்பாளையம் என்று திருநெல்வேலிச் சீமையில் பீடி சுற்றும் ஊர்கள் பல. நாள் முழுதும் சுற்றியதைக் கணக்குத் தவறாமல் கட்டுப் போடத் தெரிந்த பெண்கள், கொடுத்த பீடியின் எண்ணிக்கையைப் பதியும் தங்கள் பாஸ் புத்தகத்தில் எழுதியிருப்பதைப் பிறரிடம் நீட்டி வாசிக்கச் சொல்லும் நிலை அங்கே இன்றும் உண்டு. அவர்களுக்குக் கற்பிக்க முன்வரும் தன்னார்வலர் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை, அத்தகைய ஒரு வகுப்பை நடத்திய அனுபவத்தைக் கொண்டு எழுதுகிறேன்.

முதலில் பதிவு. 15 வயதுக்கு மேற்பட்ட, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கான புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 2022 முதல் 2027 வரையிலான காலத்துக்கு வகுக்கப்பட்டது. தமிழ்நாட்டில் இதனைப் பள்ளிசாரா மற்றும் வயதுவந்தோர் கல்வி இயக்ககம் நடத்துகிறது. உங்கள் ஊர் அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியரிடமோ வட்டார வளமையத்திலோ விருப்பத்தைத் தெரிவியுங்கள். இது ஊதியமில்லாத பணி.

அடுத்து, கற்பவர்களைத் தேடிச் செல்வது. மருமகளும் பேரப்பிள்ளைகளும் சூழ்ந்திருக்கும்போது ஒருவரிடம் "உங்களுக்குப் படிக்கத் தெரியுமா?" என்று கேட்பது அவரைக் கூசச் செய்யும், அதன்பின் அவர் வகுப்புப் பக்கம் வரமாட்டார். வயதுக்கேற்ப ஆச்சி, மதினி, அக்கா என்று அழைத்து, அருகில் அமர்ந்து பேசுங்கள். எந்தத் தாளை வாசிக்க முடிந்தால் அவருக்கு உதவியாக இருக்கும் என்பதைப் பேச்சினூடே அறிந்து குறித்துக்கொள்ளுங்கள். ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகம், மாத்திரை அட்டை, பேருந்துப் பலகை என்று வரும் அந்தக் குறிப்பே உங்கள் பாடத்திட்டம்.

நேரத்தை அவர்களே முடிவு செய்யட்டும். மொத்தம் 200 மணி நேரம் கற்பிக்க வேண்டும் என்பதால், நாளுக்கு இரண்டு மணி நேரமாக வாரத்தில் ஐந்து நாள் நடத்தினால் 20 வாரங்கள் ஆகும். பீடியைக் கடையில் கொடுத்துத் திரும்பும் முன் எவரும் வர இயலாது. பிசானப் பருவ நெல் நடவு தொடங்கிவிட்டால் வயல் வேலைக்குச் செல்பவர்கள் சில நாள்கள் வராமல் போவார்கள். அதைக் குறையாகக் கருதாமல், நாள்கணக்கைச் சற்றுத் தாராளமாகவே வகுத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் நன்றாக இருந்தால் யாரேனும் ஒருவர் வீட்டுத் தார்சாவே (முன்கூடமே) போதுமான இடம்.

முதல் பாடத்தில்தான் நான் தவறு செய்தேன். உயிர் 12, மெய் 18 என்று பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லும் வரிசையிலேயே தொடங்கினேன்; மூன்றாம் வாரத்தில் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். "எம்மா, ஆனா ஆவன்னாவ என் பேரன் படிக்கட்டும். எனக்கு பஸ்ஸு போர்டு வாசிக்கத் தெரிஞ்சாப் போதும்" என்று ஓர் ஆச்சி சொன்ன பிறகே வழியை மாற்றினேன்.

அவர்கள் கையில் இருக்கும் பொருளின் பெயரிலிருந்தே தொடங்குங்கள். "பீடி" என்று பெரிதாக எழுதிக் காட்டி, அதிலிருந்து ப, ட என்னும் இரண்டு எழுத்துகளைப் பிரித்தெடுங்கள். இரண்டும் நேர்க்கோடுகளாலானவை, ஆதலால் பலப்பம் பிடித்துப் பழகாத கைக்கும் எளிதில் வரும். பிறகு துணைக்கால், இகரக் குறியான மேல்விலங்கு, புள்ளி ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்துக் காட்டினால், படி, பாடி, பட்டா, பாட்டி என்னும் சொற்களை அவர்களே கூட்டி வாசிப்பார்கள். 247 எழுத்துகளையும் மனப்பாடம் செய்தபின்தான் வாசிக்க முடியும் என்னும் அச்சம் அங்கேயே விலகும். அதே வாரத்தில் அவரவர் பெயரைத் தனித் தாளில் எழுதிக் கொடுத்துப் பழக்குங்கள். வளைவான எழுத்துகள் வரும்போது, கோலம் போட்டுப் பழகிய விரல்களுக்கு அவையும் வசப்படும்.

ஒருவர் திரும்பத் திரும்பத் தடுமாறினால் அவருக்கு வெள்ளெழுத்தாக இருக்கலாம். மறதி என்று முடிவு கட்டுவதற்கு முன், அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று கண்ணைச் சோதிக்கச் செய்யுங்கள்.

கணக்கில் அவர்களுக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டியது குறைவு. கட்டுக்கு 25 வீதம் ஆயிரம் பீடிக்கு 40 கட்டு என்று நொடியில் சொல்பவருக்கு, மனத்தில் போட்ட கணக்கைத் தாளில் எழுதும் முறையை மட்டும் காட்டினால் போதும். பாஸ் புத்தகத்தையே கொண்டுவரச் சொல்லி, பதிவான எண்ணிக்கையை அவரே சரிபார்க்கப் பழக்குங்கள்.

இறுதியில் வாசிப்பு, எழுத்து, எண்ணறிவு ஒவ்வொன்றுக்கும் 50 என 150 மதிப்பெண்ணுக்குத் தேர்வு உண்டு. ஆனால், சான்றிதழ் வந்ததும் வகுப்பை முடித்துவிடாதீர்கள். ஒருநாள் அவர்களுடன் வங்கிக்குச் சென்று, பணம் எடுக்கும் படிவத்தை அவர்கள் கையிலேயே கொடுங்கள். எழுத நேரமானாலும், வரிசையில் பின்னால் நிற்பவர்கள் அவசரப்படுத்தினாலும், பேனாவை நீங்கள் வாங்கிவிடாமல் அருகில் நில்லுங்கள்.