இலங்கையும் மொரிஷியஸும், 1919–1939: இரண்டு தீவுகளை ஒப்பிடுவது எப்படி?

இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்துத் தீவுப் பொருளாதாரங்களை ஒப்பிட நினைப்பவர்கள் இந்த ஜோடியில் தொடங்கலாம். இரண்டும் பிரிட்டிஷ் காலனிகள், இரண்டிலும் தோட்டப் பயிர்தான் பிழைப்பு (இலங்கையில் தேயிலையும் ரப்பரும், மொரிஷியஸில் கரும்பு), இரண்டிலும் கணக்கு ரூபாயில்.

படி 1: தரவு

காலனி அரசுகள் ஆண்டுதோறும் தயாரித்த ‘நீலப் புத்தகங்களை’ (புள்ளிவிவரத் தொகுப்புகள்) எடுங்கள். ஏற்றுமதி மதிப்பு, எடை, மக்கள்தொகை மூன்றும் போதும். ஸ்கேனிலிருந்து எழுத்தைப் பிரிக்கும் மென்பொருளை நம்பாதீர்கள். மங்கிய அச்சில் 3-ஐ 8 என்று படிக்கும். கையாலேயே அடித்து, கூட்டுத்தொகை அச்சில் உள்ளதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். லிப்ரே ஆஃபீஸ் கால்க் என்ற விரிதாள் மென்பொருள் போதும். இந்தச் சின்ன அட்டவணைக்குப் பைத்தானில் நிரல் எழுதுவது எதற்கு?

படி 2: தலைக்கு எவ்வளவு

1931-இல் இலங்கையில் சுமார் 53 லட்சம் பேர், மொரிஷியஸில் 4 லட்சத்துக்கும் சற்றுக் குறைவு. ஏற்றுமதி மதிப்பை மக்கள்தொகையால் வகுத்துவிடுங்கள்.

படி 3: அடிப்படை ஆண்டு

எந்த ஆண்டை 100 என்று வைத்து மற்ற ஆண்டுகளை அதோடு ஒப்பிடுவது? இங்கேதான் பலருக்கும் சறுக்கும். 1920-ஐ 100 என்று வைத்தால் மொரிஷியஸ் அதலபாதாளத்தில் விழுந்ததுபோல் வரைபடம் வரும். காரணம், அந்த ஆண்டு மே மாதம் நியூயார்க்கில் சர்க்கரை ஒரு பவுண்டு எடைக்கு 22 சென்டைத் தாண்டியது. டிசம்பருக்குள் 5 சென்டுக்கும் கீழே போனது. இலங்கைக்கோ தேயிலையும் ரப்பரும் மந்தமான ஆண்டு அது. சரி, 1925? அப்போது ரப்பர் ஒரு பவுண்டு எடைக்கு 4 ஷில்லிங்கைத் தாண்டியிருந்தது. இந்த முறை இலங்கை கவிழும். தனி ஆண்டே வேண்டாம். 1922 முதல் 1929 வரை சராசரி எடுத்து அதை 100 ஆக வையுங்கள்.

படி 4: மதிப்பும் எடையும்

இரண்டையும் தனித்தனிக் கோடாகப் போடுங்கள். 1922–28-இல் ஸ்டீவன்சன் திட்டம் ரப்பர் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி விலையை ஏற்றியது. எடையை மட்டும் பார்த்தால் தேக்கம் என்று தோன்றும். இன்னொன்று: 1937 ஆகஸ்டில் மொரிஷியஸில் ஊபா ரகக் கரும்புக்கு ஆலைகள் விலையைக் குறைக்க, சிறு விவசாயிகள் கொதித்தெழுந்தார்கள், துப்பாக்கிச்சூடு வரை போனது. ஏற்றுமதிக் கோட்டில் இதெல்லாம் தெரியாது. கூலி விவரத்தைத் தனியாகத் தேடுங்கள்.

பின்சேர்க்கை: கரீபியன் தீவான டிரினிடாடையும் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தார்கள். தாராளமாக. ஆனால் அதன் பவுண்டுக் கணக்கை ரூபாயாக்க ஒரே விகிதம் உதவாது. 1920 தொடக்கத்தில் ரூபாய் 2 ஷில்லிங்குக்கு மேல், அடுத்த ஆண்டே வெகுவாகச் சரிந்தது, 1927-இல்தான் 1 ஷில்லிங் 6 பென்ஸ் என்று சட்டமானது. ஆண்டுவாரியாக மாற்றுங்கள்.