லிஃப்ட் போட்ட ஜீப்பில் ஸ்டியரிங் உதறினால்

வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட் போட்ட ஜீப் ராங்ளர் ஜேகே, 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும் ஸ்டியரிங் கையிலேயே நிற்காமல் உதறுகிறதா? ஆக்சிலரேட்டரை விட்டு மெல்ல வேகத்தைக் குறையுங்கள். உதறலைத் தணிக்கும் ஸ்டியரிங் டேம்பரை மாற்றச் சொல்வார்கள். அது கோளாறை மறைக்கும், அவ்வளவுதான்.

முதல் சந்தேகம் முன் டிராக் பார், அதாவது முன் ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பி. சக்கரங்கள் தரையில் இருக்க, ஹேண்ட்பிரேக் போட்டு, இன்ஜின் ஓடும்போது ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமுமாகக் கால் சுற்று வெட்டி வெட்டித் திருப்பட்டும். நீங்கள் வண்டிக்கு அடியில் போகாமல், பக்கத்தில் குனிந்து பாரின் இரு முனைகளையும் பாருங்கள். போல்ட் துளைக்குள் துளியாவது நகர்ந்தால் துளை தேய்ந்து நீண்டுவிட்டது என்று அர்த்தம். இறுக்கினால் கொஞ்ச நாள்தான் தாங்கும். பார் மாட்டியிருக்கும் பிராக்கெட்டையே சரிசெய்ய வேண்டும். நகராவிட்டாலும் டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளக்கும் ஸ்பேனர்) வைத்து போல்ட்டின் இறுக்கம் 125 அடி-பவுண்டு (169 நியூட்டன் மீட்டர்) இருக்கிறதா பாருங்கள். வண்டி தரையில் நிற்கும்போதே இறுக்கணும்; ஆக்சில் தொங்கும்போது இறுக்கினால் பாரின் முனையிலுள்ள ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.

அடுத்து, முன் சக்கரம் திரும்பும் மூட்டான பால் ஜாயின்ட். ஜாக்கியில் தூக்கி, டயருக்கு அடியில் கடப்பாரை கொடுத்து நெம்பினால் ஆட்டம் தெரியும். இரு முன் சக்கரங்களையும் இணைக்கும் டை ராட்டின் முனைகளையும் விடாதீர்கள்.

பள்ளமே இல்லாமல், ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் லேசாக அதிர்ந்தால் டயர் பேலன்ஸ்தான். கடைசியாக, லிஃப்ட் கிட் கேஸ்டர் கோணத்தை (ஸ்டியரிங் அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் கோணம்) குறைக்கும். அலைன்மென்ட் தாளில் 4 டிகிரிக்கு வெகுவாகக் கீழே இருந்தால் ஆக்சிலை வண்டியோடு இணைக்கும் கன்ட்ரோல் ஆர்மைத் திருத்துங்கள்.