ஜாவா ஜெனரிக்ஸ்: சொந்தமா ஒரு ஸ்டாக் கிளாஸ் எழுதிப் பாருங்க

லிஸ்ட்<ஸ்ட்ரிங்>னு எழுதப் பழகிட்டா ஜெனரிக்ஸ் (ஒரு கிளாஸோ மெதட்டோ எந்த டைப் டேட்டாவோட வேலை செய்யணும்னு சொல்ற வசதி) வந்துடுச்சுன்னு நிறைய பேர் அதோட நிறுத்திடுறாங்க. ஒரு தடவையாவது சொந்தமா ஒரு கலெக்‌ஷன் கிளாஸ் எழுதிப் பாருங்க, அப்பதான் விஷயம் பிடிபடும்.

2004ல ஜாவா 5 வர்றதுக்கு முன்னாடி அரேலிஸ்ட்ல எதைப் போட்டாலும் ஆப்ஜெக்டாதான் இருக்கும், எடுக்குறப்போ நாமதான் காஸ்ட் பண்ணணும், அதாவது இது இன்ன டைப்னு கோட்ல சொல்லணும். வேலைக்குச் சேந்த புதுசுல அப்படி ஒரு பழைய கோட் என் கைக்கு வந்துச்சு, இன்டிஜர் மட்டும் இருக்கவேண்டிய லிஸ்ட்ல எங்கயோ ஒரு ஸ்ட்ரிங் போய் உக்காந்திருக்கு, கம்பைல் சுத்தமா ஆகுது, ராத்திரி ரிப்போர்ட் ஓடுறப்போ கிளாஸ்காஸ்ட்எக்ஸெப்ஷன், அதாவது டைப் பொருந்தலன்னு எரர். தப்பா போட்டது ஒரு ஃபைல்ல, வெடிச்சது வேற ஃபைல்ல, கண்டுபிடிக்க ரெண்டு நாள் ஆச்சு. இப்படிப்பட்ட தப்பை கம்பைலரே பிடிக்கணும்னுதான் ஜெனரிக்ஸ்.

முதல்ல மெதட். பெரியதைத் தேடித் தர்ற ஸ்டாட்டிக் மெதட்னு வைங்க. டைப்போட இடத்துல டின்னு ஒரு பேர் வைக்கிறோம், கூப்பிடுறப்போதான் அது எந்த டைப்னு முடிவாகும். <டி>யை ரிட்டர்ன் டைப்புக்கு முன்னாடி போடணும், புதுசா எழுதுறவங்க தடுக்கி விழுற இடம் இதான். வெறும் <டி> போட்டா ரெண்டை ஒப்பிடுற கம்பேர்டூ மெதட்டைக் கூப்பிட முடியாது, ஏன்னா கம்பைலருக்கு அது வெறும் ஆப்ஜெக்ட். <டி எக்ஸ்டெண்ட்ஸ் கம்பேரபிள்<டி>>னு எழுதுங்க, வேலை முடிஞ்சுது. இன்னொண்ணு, கிளாஸ் மேல இருக்குற டி ஸ்டாட்டிக் மெதட்டுக்குத் தெரியாது, அதுக்குத் தனியா அறிவிக்கணும்.

இப்ப ஸ்டாக், அதாவது கடைசியா போட்டது முதல்ல வெளிய வர்ற அடுக்கு. உள்ள ஒரு டி அரே, ஒரு கவுண்ட், அவ்வளவுதான். ஆனா "நியூ டி[10]"னு எழுதுனா கம்பைலர் விடாது, ஏன்னா கம்பைல் முடிஞ்சதும் டி அழிஞ்சு ஆப்ஜெக்ட் ஆயிடும், ஓடுற நேரத்துல அது ஸ்ட்ரிங்கா இன்டிஜரான்னு கோடை ஓட்டுற ஜேவிஎம்முக்குத் தெரியாது. அதனால ஆப்ஜெக்ட் அரே உருவாக்கி டி[]னு காஸ்ட் பண்றோம், இந்த காஸ்ட்டைச் சரிபார்க்க முடியலன்னு அன்செக்டு வார்னிங் வரும். அரே பிரைவேட்டா இருக்குற வரைக்கும் பயமில்ல. அதையே ஒரு மெதட்ல டி[]னு வெளிய குடுத்துப் பாருங்க, வாங்குறவர் ஸ்ட்ரிங்[]ல போட்ட அந்த வரியிலயே கிளாஸ்காஸ்ட்எக்ஸெப்ஷன் வரும். டி எக்ஸ்டெண்ட்ஸ் கம்பேரபிள்னு கிளாஸ் மேல கட்டுப்பாடு போட்டிருந்தா இன்னும் மோசம், கன்ஸ்ட்ரக்டர்லயே விழும், அங்க கம்பேரபிள் அரேதான் உருவாக்கணும்.

ஸ்டாக்குல போடுற புஷ்ல இடம் தீந்தா அரேஸ்.காப்பிஆஃப் வச்சு ரெட்டிப்பாக்குங்க. மேல இருக்குறதை எடுக்குற பாப்ல, எடுத்த இடத்தை மறக்காம நல் ஆக்குங்க, இல்லைன்னா வெளிய போன ஆப்ஜெக்டை அரே பிடிச்சு வச்சுக்கிட்டே இருக்கும், தேவையில்லாததை மெமரியில இருந்து அழிக்குற கார்பேஜ் கலெக்டரால தொட முடியாது. ஃபார்ஈச்ல ஓட்டணும்னா இட்டரபிள்<டி>யை இம்ப்ளிமெண்ட் பண்ணுங்க.

மொத்தமா சேக்குற புஷ்ஆல் எழுதுறப்போ கலெக்‌ஷன்<டி>னு வாங்காதீங்க. நம்பர் ஸ்டாக்குல லிஸ்ட்<இன்டிஜர்> தள்ள முடியாம நிக்கும், இன்டிஜர் நம்பரோட பிள்ளைதான், ஆனா லிஸ்ட்<இன்டிஜர்> லிஸ்ட்<நம்பர்>ரோட பிள்ளை கிடையாது. அதனால நமக்குக் குடுக்குற பக்கம் டி இல்லன்னா அதோட பிள்ளைன்னு சொல்ற <? எக்ஸ்டெண்ட்ஸ் டி>, நம்மகிட்ட வாங்கிக்கிற பக்கம் டி இல்லன்னா அதுக்கு மேல உள்ள டைப்னு சொல்ற <? சூப்பர் டி>.

கடைசியா அந்த அன்செக்டு வார்னிங். வார்னிங்கை அடக்குற சப்ரஸ்வார்னிங்ஸை கன்ஸ்ட்ரக்டர் மேல மட்டும் போடுங்க, கிளாஸ் முழுக்கப் போட்டா நாளைக்கு வர்ற நிஜமான தப்பும் சத்தமில்லாம மறைஞ்சிடும்.