அட்டை இருந்தால் மட்டும் போதாது, பட்டியலில் பெயர் இருக்கணும்

சேரன்மகாதேவி பக்கம் ஒரு கிராமத்தில் அங்கன்வாடிப் பணியாளராக இருக்கிறேன். எங்கள் ஊருக்கு வாக்குச்சாவடி நிலை அலுவலர் பொறுப்பும், அதாவது வீடு வீடாகப் போய் வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்கிற வேலையும், என்னிடம்தான். ஓட்டு நாளன்று வாக்காளர் அட்டையும் கையுமாக வெயிலில் வரிசையில் நின்றுவிட்டு, "பேரு லிஸ்ட்ல இல்லையாம் டீச்சர்" என்று வந்து நிற்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது. அன்றைக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியாது. வேட்புமனு தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு அந்தத் தேர்தலுக்குப் பெயர் சேர்க்கச் சட்டத்தில் இடமில்லை.

ஆகவே முதலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சேவை இணையதளத்தில் தேடலாம், 1950 என்ற எண்ணில் கேட்கலாம், உங்கள் ஊர் வாக்குச்சாவடி நிலை அலுவலரிடமும் பட்டியல் இருக்கும். தேடும்போது அட்டை எண்ணைப் போட்டுத் தேடுங்கள். நம் பக்கத்தில் இசக்கியம்மாள் ஒரு இடத்தில் எசக்கியம்மாளாக இருப்பார், முத்துலட்சுமி முத்துலெட்சுமியாக இருப்பார். பெயரை வைத்துத் தேடினால் இருக்கிற பெயரும் கிடைக்காமல் போகலாம். "போன தேர்தல்ல போட்டேனே" என்று இருந்துவிட வேண்டாம். 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியலை முழுசாகச் சரிபார்க்கிற சிறப்பு தீவிரத் திருத்தம் தொடங்கி, டிசம்பர் 19 அன்று வரைவுப் பட்டியல் வந்தபோது, தமிழ்நாடு முழுவதும் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் அதில் இல்லை.

பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை என்றால், புதிதாகப் பெயர் சேர்க்கிற படிவம் 6 எழுத வேண்டும். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் தேதியில் 18 வயது நிறைந்திருக்க வேண்டும். 17 முடிந்த பிள்ளைகள் முன்கூட்டியே எழுதிக் கொடுக்கலாம், வயது வந்ததும் சேர்ப்பார்கள். வெள்ளைப் பின்னணியில் ஒரு பாஸ்போர்ட் அளவு போட்டோ, வயதுக்கு ஒரு சான்று, முகவரிக்கு ஒரு சான்று. வயதுக்குப் பிறப்புச் சான்றிதழ் அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ் போதும். முகவரிக்கு எல்லாரும் முதலில் ரேஷன் கார்டைத்தான் நீட்டுவார்கள். படிவத்தில் அச்சடித்திருக்கிற பட்டியலில் அது கிடையாது. ஆதார், வங்கி அல்லது தபால் ஆபீஸ் பாஸ்புக், கரண்ட் பில் இருக்கின்றன. அந்தச் சான்று உங்கள் பேரில்தான் இருக்கணும் என்றில்லை. அதே முகவரியில் வாக்காளராக இருக்கிற அப்பா, அம்மா, கணவர் பேரில் இருந்தாலும் ஏற்பார்கள்.

பிரவுசிங் சென்டரில் கொடுத்துப் பதிகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கைபேசி எண் என்ற கட்டத்தில் உங்கள் எண்ணே இருக்கட்டும். கடைக்காரர் தன் எண்ணைப் போட்டுவிட்டால் பிறகு தகவலும் உங்களுக்கு வராது, மின்னணு அட்டையைத் தரவிறக்கவும் முடியாது.

அடுத்தது மருமகள்கள். இதை நிறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பத்தமடையிலிருந்தோ முக்கூடலிலிருந்தோ கட்டிக்கொண்டு வந்து, கைக்குழந்தை பள்ளிக்கூடம் போகிற வயதாகியும் பெயர் அம்மா வீட்டிலேயே கிடக்கும். "கெடக்கட்டும் டீச்சர், அங்க போயி போட்டுக்கிடுதேன்" என்பார்கள். ஓட்டு நாளில் பீடிக்கட்டு முடியவில்லை, மாமியாருக்குச் சுகமில்லை என்று போக முடியாமல் ஆகிவிடும். இவர்கள் படிவம் 6 எழுதக் கூடாது. படிவம் 8 எழுதி, குடியிருப்பு மாற்றம் என்ற இடத்தில் டிக் அடிக்க வேண்டும். அட்டை எண் அதேதான் இருக்கும், முகவரியும், பட்டியலில் உங்கள் வாக்குச்சாவடிக்கு உரிய பாகமும் மாறும். எழுத்துப்பிழை, தொலைந்த அட்டை எல்லாவற்றுக்கும் இதே படிவம் 8தான். ஏற்கெனவே ஓர் ஊரில் பெயர் இருப்பதை மறைத்து இன்னோர் ஊரில் 6 எழுதினால் அது பொய் உறுதிமொழி. ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு.

"பஞ்சாயத்து எலெக்சனுக்குத் தனியா எழுதணுமா?" என்றும் கேட்கிறார்கள். வேண்டாம். அம்பாசமுத்திரம் சட்டமன்றத் தொகுதிக்கும் திருநெல்வேலி நாடாளுமன்றத் தொகுதிக்கும் இருப்பது ஒரே பட்டியல். உள்ளாட்சித் தேர்தலை நடத்துகிற மாநிலத் தேர்தல் ஆணையம் அதே சட்டமன்றப் பட்டியலை எடுத்து வார்டு வாரியாகப் பிரித்துக்கொள்கிறது. ஆனால் பட்டியலில் உங்கள் தெரு பழைய தெருவாக இருந்தால் வார்டும் பழைய வார்டாகவே விழும். 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில் நம் மாவட்டத்தில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில் ஆளுக்கு நான்கு ஓட்டு: வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றிய வார்டு, மாவட்ட ஊராட்சி வார்டு. தலைவருக்கு இளஞ்சிவப்புச் சீட்டு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். அம்மா வீட்டில் பெயரை விட்டுவிட்டு வந்தவர், வாழ்கிற ஊரில் இந்த நான்கையும் இழக்கிறார். நிற்பதென்றாலும் இதே கதைதான். 21 வயது முடிந்து, அந்த ஊராட்சியின் பட்டியலில் பெயரும் இருந்தால்தான் மனுவே போட முடியும். தமிழ்நாட்டு உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். தெருக்குழாயில் தண்ணீர் வராததை நம்மைவிட யார் நன்றாகச் சொல்லப் போகிறார்கள்?

சென்னையில் மளிகைக்கடையிலும் திருப்பூரில் பனியன் கம்பெனியிலும் இருக்கிற தம்பிமார் கோயில் கொடைக்கும் பொங்கலுக்கும் மட்டும் ஊருக்கு வருகிறீர்கள் என்றால், வழக்கமாகக் குடியிருக்கிற இடத்தில்தான் பெயர் இருக்க வேண்டும். ஊரில் சொந்த வீடு இருக்கிறது என்பதற்காக இங்கே வைத்திருக்க முடியாது. விடுதியில் தங்கிப் படிக்கிற பிள்ளைகள் பெற்றோர் வீடா, விடுதியா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்.

ஒரு ஓட்டுக்கு இவ்வளவு அலைச்சலா என்று நினைத்தால் நம் மாவட்டத்து ராதாபுரம் தொகுதியைப் பாருங்கள். 2016 சட்டமன்றத் தேர்தலில் அங்கே வெற்றி வித்தியாசம் 49 ஓட்டு. மறு எண்ணிக்கை கேட்டு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று.

படிவத்தைக் கொடுத்ததும் ஒப்புகை எண்ணை வாங்கி வையுங்கள். அப்புறம் என்னைப் போல ஒருவர் வீட்டுக்கு விசாரிக்க வருவார். சாயங்காலம் பீடிக்கடைக்குப் போய்விடுவார்கள் என்பதால் நான் காலையிலேயே வந்துவிடுவேன். நீங்கள் இல்லாவிட்டாலும், இந்த வீட்டில் இன்னார் இருக்கிறார் என்று சொல்ல எதிர்வீட்டு அக்காவிடம் சொல்லி வையுங்கள். வாக்காளர் பதிவு அலுவலர் விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டால் 15 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். அங்கேயும் சரிவராவிட்டால் 30 நாளுக்குள் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் போகலாம். பெயர் ஏறியதும் அட்டை தபாலில் வரும். அது வந்து சேருவதற்குள் தேர்தல் வந்துவிட்டாலும் பயப்பட வேண்டாம். பட்டியலில் பெயர் இருந்தால் ஆதாரையோ, நூறு நாள் வேலை அட்டையையோ, போட்டோ ஒட்டிய பாஸ்புக்கையோ காட்டி ஓட்டுப் போடலாம்.