லேப்டாப்லயே மெஷர்மென்ட் ட்ரான்சிஷன் ஓட்டிப் பாக்குறது எப்படி

ஒரு குவாண்டம் சிஸ்டத்தை விடாம அளந்துட்டே இருந்தா அது மாறாம அப்படியே நின்னுடும்னு 1977ல மிஸ்ராவும் சுதர்சனும் காட்டினாங்க, அதான் ஸீனோ எஃபெக்ட் (சுதர்சன் நம்ம மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜ்ல படிச்சவர்). நூறு க்யூபிட் (குவாண்டம் பிட்) ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு (இதான் என்டாங்கிள்மென்ட்) இருக்கும்போது அளந்தா கதையே வேற, எவ்ளோ அடிக்கடி அளக்குறோங்கறதுல ஒரு எல்லை இருக்கு, அதைத் தாண்டினதும் ஃபேஸே மாறிடும், அதாவது எங்கும் பரவியிருந்த பின்னல் பக்கத்துலயே அடங்கிடும், இதான் மெஷர்மென்ட் ட்ரான்சிஷன். 2018 வாக்குலதான் இது தெரிய வந்துச்சு.

முழு வேவ் ஃபங்ஷனையும் (சிஸ்டத்தோட மொத்த நிலையையும் சொல்ற நம்பர்கள்) மெமரில ஏத்தப் பாக்காதீங்க, 40 க்யூபிட்டுக்கே 16 டெராபைட் கேக்கும். கிளிஃபோர்ட் கேட் (சாதா கம்ப்யூட்டர்லயே சுலபமா கணக்குப் போட முடியற ஒரு வகை குவாண்டம் ஆபரேஷன்) மட்டும் போட்டா 128 க்யூபிட்கூட 8 கிலோபைட் சொச்சத்துல அடங்கிடும். பைத்தான்ல ஸ்டிம் லைப்ரரி போட்டுக்கோங்க, போதும்.

எல்லா க்யூபிட்டையும் சங்கிலி மாதிரி வரிசையா, பூஜ்யத்துல வெச்சு ஆரம்பிங்க. பக்கத்து பக்கத்து ஜோடிக்கு ரேண்டம் கிளிஃபோர்ட் கேட், அடுத்த லேயர்ல ஜோடியை ஒரு இடம் தள்ளிப் போடணும், செங்கல் அடுக்குற மாதிரி. ஒவ்வொரு லேயர் முடிஞ்சதும் ஒவ்வொரு க்யூபிட்டையும் p வாய்ப்போட இசட் திசைல (0வா 1ஆன்னு) அளங்க. நீளம் L-னா 4L லேயர் ஓட்டினா தாராளம்.

இனி என்ட்ரோபி, அதாவது சங்கிலியோட ரெண்டு பாதியும் எவ்ளோ பின்னியிருக்குங்கற அளவு. ஸ்டெபிலைசர் டேபிள்ல (கிளிஃபோர்ட் நிலையைச் சுருக்கமா எழுதி வெக்கிற 0-1 அட்டவணை) பாதி சங்கிலிக்கான நெடுவரிசைகளை மட்டும் வெட்டி எடுத்து, மாடுலோ 2ல ரேங்க் பாருங்க, அதுல L/2 கழிச்சா வர்றதுதான் என்டாங்கிள்மென்ட், பிட் கணக்குல. p=0ன்னா 128க்கு 64ஐ ஒட்டி வரும். p=0.3 வெச்சா L-ஐ டபுள் பண்ணாலும் நம்பர் அசையாது. நடுவுல 0.16 கிட்ட லாக் மாதிரி மெதுவா ஏறும், எல்லை அங்கதான்.

நிறைய பேர் கோட்டை விடுற இடம் ஒண்ணு இருக்கு: ஒவ்வொரு ரன்னுக்கும் தனித்தனியா என்ட்ரோபி எடுத்துட்டு அப்புறம்தான் ஆவரேஜ் போடணும். டென்சிட்டி மேட்ரிக்ஸை (ஒவ்வொரு ரன்னோட நிலையையும் எழுதுற அணி) முதல்லயே ஆவரேஜ் பண்ணிட்டா p எதுவா இருந்தாலும் வெறும் இரைச்சல்தான், ட்ரான்சிஷன் கண்ணுலயே படாது, ஏன்னா அந்த விஷயம் முழுக்க அளந்து வந்த ரிசல்ட் வரிசைக்குள்ளதான் இருக்கு.

நிஜ குவாண்டம் சிப்ல, லேப்ல, இது கஷ்டமா இருக்கிறதும் இதனாலதான்: ஒரு ரன்னோட என்ட்ரோபியை அளக்க அதே நிலை பல தடவை கைக்கு வரணும். L=128, p=0.1ன்னா ஒரு ரன்ல சுமார் 6,500 அளவீடு, அதே ரிசல்ட் வரிசை அச்சு அசலா மறுபடி வர காத்திருந்தா ஆயுசு பத்தாது. 2023ல கூகுள் டீம் 70 க்யூபிட் வரைக்கும் போனப்போ இதைச் சமாளிக்கவே தனியா வழி தேட வேண்டியிருந்துச்சு. சிமுலேஷன்ல அந்தத் தலைவலி கிடையாது, 32, 64, 128, 256னு L மாத்தி, p-க்கு எதிரா என்ட்ரோபியை நாலு கோடா ஒரே கிராஃப்ல போடுங்க, சின்ன L-ல எல்லை கொஞ்சம் மழுங்கித்தான் தெரியும்.