மர வாத்து செதுக்கியவர்களின் வரலாற்றைத் தேடுவது எப்படி

நான் வசிப்பது அமெரிக்காவின் மேரிலாந்தில், செசபீக் விரிகுடாவின் வடக்குக் கோடியில். இங்கே பழைய வீடுகளின் பரணிலும் படகுக் கொட்டகையிலும் மர வாத்துகள் கிடைக்கும். டிகாய் என்பார்கள். வேட்டைக்காரர்கள் தண்ணீரில் மிதக்கவிட்டு, மேலே பறக்கும் காட்டு வாத்துகளைக் கீழே இறங்க வைக்கச் செய்தவை. அவற்றைச் செய்த மனிதர்களைப் பல வருடங்களாகத் தேடிவருகிறேன். இது மாதிரி ஒரு தேடலைத் தொடங்க நினைப்பவர்களுக்காக, எனக்குப் பலன் தந்த வழிகளை எழுதுகிறேன்.

முதலில் ஊரைப் பிடியுங்கள், ஆளை அப்புறம் பார்க்கலாம். சஸ்குவஹன்னா ஆறு விரிகுடாவில் சேரும் இடத்தில் ஹேவர் டி கிரேஸ் என்ற சின்ன ஊர் இருக்கிறது. ஊருக்கு முன்னால் ஆழமில்லாத, பரந்த நீர்ப்பரப்பு. அதில் அடர்த்தியாக வளர்ந்த காட்டு செலரி என்ற நீர்த்தாவரத்தைத் தின்ன, கேன்வாஸ்பேக் வாத்துகள் குளிர்காலம் முழுக்கக் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கின. துப்பாக்கியால் சுட்ட வாத்துகள் ரயிலேறி பால்டிமோர், நியூயார்க் ஹோட்டல்களுக்குப் போயின. வேட்டைக்காரர் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே அமிழ்ந்திருக்கும் சிங்க்பாக்ஸ் என்ற பெட்டிக்குள் படுத்துக்கொள்வார். சுற்றிலும் நூற்றுக்கணக்கில் மர வாத்துகள் மிதக்கும். ஒரே ஊரில் இத்தனை செதுக்குபவர்கள் ஏன் இருந்தார்கள் என்ற கேள்விக்குப் பதில் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. ஒவ்வொரு பெட்டிக்கும் நூற்றுக்கணக்கில் தேவை. உடைவது, தொலைவது போக வருடா வருடம் புதிதாகவும் வேண்டும்.

எந்த ஊரை எடுத்தாலும் இந்த மாதிரி நான்கு விஷயங்களை முதலில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்: என்ன பறவை வந்தது, எப்படிச் சுட்டார்கள், யாருக்கு விற்றார்கள், எந்தச் சட்டம் அதை நிறுத்தியது. 1918இல் வந்த வலசைப் பறவைகள் சட்டம் சந்தை வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. சிங்க்பாக்ஸ் 1930களின் நடுவில் தடையானது. இந்த இரண்டும் தெரிந்தால் ஒரு வாத்தின் காலத்தை ஓரளவு கணிக்கலாம். பெட்டியைச் சுற்றித் தட்டையாக மிதக்கும் மரச் சிறகுகள் மேல், அதைத் தண்ணீரில் அமிழ்த்தக் கனத்துக்காக வைத்த வார்ப்பிரும்பு வாத்து ஒன்று கிடைத்தால், அது பெரும்பாலும் தடைக்கு முந்தையது.

இனி வாத்து. கையில் எடுத்ததும் கவிழ்த்துப் பாருங்கள். பார்க்கிறவர்கள் எல்லாரும் தலையையும் நிறத்தையும் ரசிப்பார்கள். நமக்கு வேலை அடிப்பக்கத்தில். நிமிர்ந்து மிதப்பதற்காக அடித்த ஈயக்கட்டி, நங்கூரக் கயிறு கட்டிய வளையம், பழைய கட்டியைப் பிடுங்கியதால் வந்த ஆணித் துளைகள், சூடு போட்ட எழுத்துகள் எல்லாம் அங்கேதான் இருக்கும். அந்த எழுத்துகளைச் செய்தவரின் கையெழுத்து என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் அது சொந்தக்காரரின் பெயர் முதலெழுத்து, அல்லது வேட்டைக் கிளப்பின் பெயர். தண்ணீரில் பலருடைய வாத்துகள் கலந்துவிட்டால் பிரித்தெடுக்க வேண்டுமே, அதற்காகப் போட்ட அடையாளம். ஆனாலும் அது பொன்னான தடயம். சொந்தக்காரரைக் கண்டுபிடித்தால், அவர் யாரிடம் வாங்கினார் என்ற கேள்விக்கு ஊருக்குள்ளேயே பதில் தேட முடியும்.

நிறத்தை மட்டும் நம்பி யாரையும் முடிவு செய்யாதீர்கள். வேட்டை வாத்துக்குச் சீசன் முன்னால் மறுபடி பெயிண்ட் அடிப்பது வழக்கம். அடித்தது செய்தவராகவும் இருக்கலாம், சொந்தக்காரராகவும் இருக்கலாம். என்னிடம் இருக்கும் ஒரு வாத்துக்குச் செம்பழுப்புத் தலை. பார்த்த உடனே ரெட்ஹெட் இனம் என்று தோன்றும். அலகின் ஓரத்தில் பெயிண்ட் பெயர்ந்த இடத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் கீழே கறுப்பு, அதற்கும் கீழே சாம்பல் நிறப் பூச்சு, அப்புறம் வெறும் மரம். கருந்தலை வாத்தாகப் பிறந்தது, யாரோ ஒரு வேட்டைக்காரரின் தேவைக்காக இனம் மாறியிருக்கிறது. புறஊதா விளக்கில் புதுப் பூச்சு தனியாகத் தெரியும். எக்ஸ்ரே எடுத்தால் தலை எப்படிப் பொருத்தப்பட்டது, உடல் கெட்டியா உள்ளீடற்றதா என்றும் தெரிந்துவிடும். எதையும் சுரண்டாதீர்கள், கழுவாதீர்கள். பழைய பூச்சில் ஈயம் இருக்கும் என்பதால், தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் சாப்பாட்டில் வைக்க வேண்டும்.

வடிவத்துக்கு ஊர் வாசனை உண்டு. நியூ ஜெர்சிக் கடற்கரையில் வெள்ளை சீடர் மரத்தை இரண்டு பாதியாகக் குடைந்து ஒட்டினார்கள். தூக்கினால் லேசாக இருக்கும். எங்கள் பக்கத்து வாத்து கெட்டி மரம். ஆற்றின் எதிர்க்கரையில், செசில் கவுண்டி என்ற மாவட்டத்தின் பழைய வாத்துகளில் கழுத்து உட்காரும் இடம் சின்ன மேடையாக எழும்பி நிற்கும். அருங்காட்சியகத்தில் ஒரே இனத்தின் பல ஊர் வாத்துகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் இந்த வித்தியாசம் கண்ணுக்குப் பழகிவிடும். ஹேவர் டி கிரேஸ் டிகாய் அருங்காட்சியகமும், வெர்மான்ட் மாநிலத்தின் ஷெல்பர்ன் அருங்காட்சியகமும் இதற்கு நல்ல இடங்கள். ஜோயல் பார்பர் என்ற கட்டடக்கலைஞர், வேறு யாரும் இவற்றைக் கலையாக மதிக்காத காலத்தில் சேர்த்த வாத்துகள் ஷெல்பர்னில் இருக்கின்றன.

சரி, ஆவணங்களுக்கு வருவோம். புதிதாகத் தேடுபவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ‘டிகாய் செய்பவர்’ என்று தேடினால் பெரும்பாலும் ஒன்றும் வராது. இந்த மனிதர்களுக்கு வேறு பிழைப்பு இருந்தது. ஹேவர் டி கிரேஸின் மேடிசன் மிட்செல் இறுதிச் சடங்கு நிலையம் நடத்தியவர். மேரிலாந்தின் கிரிஸ்ஃபீல்டு ஊரின் லெம் வார்டும் ஸ்டீவ் வார்டும் முடிதிருத்துபவர்கள். நியூ ஜெர்சியின் ஹாரி ஷோர்ட்ஸ் வீடுகளுக்குப் பெயிண்ட் அடித்தவர். அதனால் மீனவர், படகு கட்டுபவர், தச்சர், பெயிண்டர் என்று எல்லாத் தொழிலையும் பாருங்கள். ஒரு பெயர் கிடைத்தால் அதற்கு மேலும் கீழும் உள்ள வீடுகளையும் குறித்துக்கொள்ளுங்கள். செதுக்கும் கலை பக்கத்து வீட்டிலிருந்துதான் வரும். மிட்செலே சாமுவேல் பார்ன்ஸ் என்ற மூத்தவருக்கு உதவியாகத் தொடங்கியவர். பார்ன்ஸ் 1926இல் இறந்தபின் வேலையைத் தொடர்ந்தார்.

1890 கணக்கெடுப்பின் பெரும்பகுதி 1921இல் தீயில் சேதமாகி, பின்னர் அழிக்கப்பட்டது. 1880க்கும் 1900க்கும் நடுவில் விழுந்த அந்த இருபது வருட இடைவெளியை ஊர் முகவரிப் புத்தகங்கள், வரிப் பட்டியல்கள், அமெரிக்க காங்கிரஸ் நூலகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் பழைய செய்தித்தாள்கள், ஊரைக் கட்டடம் கட்டடமாகக் காட்டும் சான்பார்ன் தீக்காப்பீட்டு வரைபடங்கள் கொண்டு நிரப்பலாம். முதல் உலகப் போர் ராணுவப் பதிவு அட்டையில் தொழில், முகவரி இரண்டும் இருக்கும். 1950 கணக்கெடுப்பு 2022இல் திறக்கப்பட்டது. கடைசித் தலைமுறை வேட்டை வாத்துக்காரர்கள் அதில் இருக்கிறார்கள்.

நான் மிகவும் மதிப்பது இறந்தவரின் சொத்துப் பட்டியலை. படுக்கை, அடுப்பு, பசு, துப்பாக்கி என்று போகும் வரிசையில் ஒரு படகும் ஒரு குவியல் டிகாயும் விலையோடு எழுதப்பட்டிருக்கும். வாத்தின் அடியில் சூடு போட்ட எழுத்தும் பட்டியலில் உள்ள பெயரும் பொருந்தினால், அந்த வாத்து எந்த வருடத்துக்கு முன் செய்யப்பட்டது என்று உறுதியாகச் சொல்லலாம். எந்தக் கையெழுத்தையும் விட இதை நான் நம்புவேன். சேகரிப்பாளர்கள் கேட்டார்கள் என்பதற்காக, முதுமையில் பழைய வாத்துகளை வாங்கிக் கையெழுத்தும் வருடமும் போட்டுக் கொடுத்த கலைஞர்கள் உண்டு. அந்த வருடம் ஞாபகத்திலிருந்து எழுதியது.

ஏலப் பட்டியல்களைப் படியுங்கள். படங்கள் அருமையாக இருக்கும். ஆனால் எல்மர் க்ரோவெல் என்ற புகழ்பெற்ற செதுக்குபவரின் ஒரு வாத்து 2007இல் பத்து லட்சம் டாலருக்கு மேல் விலைபோன சந்தை இது. பெரிய பெயர் ஒட்டினால் விலை ஏறும். ‘இன்னார் செய்தது’ என்று எழுதியிருந்தால், எதை வைத்துச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள்.

உயிரோடு இருக்கும் பெரியவர்களிடம் பேசுவதைத் தள்ளிப்போடாதீர்கள். கேள்வித்தாளோடு போகாமல் ஒரு வாத்தை எடுத்துப்போய் அவர்கள் மடியில் வையுங்கள். அவர்களே கவிழ்ப்பார்கள், கட்டைவிரலால் ஈயத்தைத் தடவுவார்கள், பேச்சு தானாக வரும். அப்போது ‘யார் செய்தது’ என்று கேட்காமல், தலையைச் செதுக்கியது யார், உடலைக் கடைந்தது யார், ஈயம் ஊற்றியது யார், பெயிண்ட் அடித்தது யார் என்று பிரித்துக் கேளுங்கள். மிட்செலின் பட்டறையில் பல கைகள் வேலை செய்தன. இலினாய் ஆற்றுப் பக்கம் சார்லஸ் பெர்டூவின் வாத்துகளுக்கு அவர் மனைவி எட்னாவும், ராபர்ட் எலிஸ்டனின் வாத்துகளுக்கு அவர் மனைவி கேத்தரினும் வண்ணம் தீட்டினார்கள். இந்தப் பெண்களின் பெயர்கள் எப்படியோ தப்பிவிட்டன. எத்தனையோ வீடுகளில் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவே இல்லை. நீங்கள் கேளுங்கள், பெயரை எழுதுங்கள், கவுண்டி வரலாற்றுச் சங்கத்துக்கு ஒரு பிரதி கொடுங்கள்.