ஒற்றை நனோக்கம்பியை டெராஹெர்ட்ஸில் அளக்கிறவர்கள் விடுகிற பிழைகள்

"நல்ல வில்லை ஒன்றைப் போட்டு டெராஹெர்ட்ஸ் கதிரைக் குவித்தால் ஒற்றை நனோக்கம்பியைப் பிடிக்கலாம்தானே அண்ணா" என்று அறிவியல் நகரில் பொறியியல் படிக்கிற தம்பி ஒருவர் கேட்டார். பிடிக்க ஏலாது. டெராஹெர்ட்ஸ் கதிர் என்பது நுண்ணலைக்கும் அகச்சிவப்புக்கும் இடைப்பட்ட ஒளி. 1 டெராஹெர்ட்ஸின் அலைநீளம் 300 மைக்ரோமீற்றர், நனோக்கம்பி என்கிற மிக மெல்லிய கம்பியின் தடிப்போ 100 நனோமீற்றர் அளவு, 3000 மடங்கு வித்தியாசம். இரணைமடுவில் காற்றுக்கு எழும்புகிற அலை, தண்ணீருக்குள் குத்திய ஈர்க்கைக் கண்டுகொள்கிறதா?

சரி, கம்பிகளைக் கோடிக்கணக்கில் பரப்பி அளப்போம் என்று போவதும் பிழைதான். மூட்டையை நிறுத்தால் நெல்லும் பதரும் சேர்ந்துதான் நிறை காட்டும்.

அதனால்தான் கூரிய உலோக ஊசியைக் கம்பிக்கு மேலே கொண்டுபோகிறார்கள். அப்போது எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கலாம் என்பதை அலைநீளம் அல்ல, ஊசிமுனையின் பருமன்தான் தீர்மானிக்கும். இங்கேதான் கனபேர் சறுக்குகிறார்கள். திரும்பி வருகிற ஒளியில் பெரும்பங்கு ஊசியின் தண்டிலும் அடித்தட்டிலும் பட்டுத் தெறித்தது, கம்பியின் பங்கு துளிதான். ஊசியை மேலும் கீழும் தட்டவிட்டு, அந்தத் தட்டும் மீடிறனின் 2 மடங்கிலோ 3 மடங்கிலோ வருகிற சிக்னலை மட்டும் எடுத்தால்தான் முனைக்கு அடியில் நடப்பது பிரிந்து வரும். 1 மடங்கில் பெரிதாகத் தெரிகிறதே என்று சந்தோஷப்படாதீர்கள், அது அனேகமாகக் குப்பை. ஊசியும் ஒரு அன்டெனா, அதற்கென்று ஒரு நிறமாலை உண்டு. ஆகவே அதே ஊசியால் பக்கத்து வெறும் தட்டையும் அளந்து, கம்பியின் அளவை அதால் வகுத்துவிடுங்கள்.

அப்புறம் ஈரப்பதன். மாரியில் வவுனியாவில் துவைத்த உடுப்பு மூன்று நாளாகியும் காயாது. அப்படியான காற்று ஒளிப்பாதையில் இருந்தால் நீராவி 0.557, 0.752, 1.097 டெராஹெர்ட்ஸில் ஒளியை விழுங்கி ஒடுங்கிய பள்ளங்களைக் காட்டும். அதைக் கம்பியின் பரிவு, அதாவது கம்பியே அந்த மீடிறனில் ஒளியை விழுங்குகிறது, என்று எழுதிவிடாதீர்கள். பெட்டிக்குள் உலர்ந்த நைதரசனை ஓடவிடுங்கள்.

2014இல் ரேகன்ஸ்பேர்க் பல்கலைக்கழகக் குழு ஒன்று இந்தியம் ஆர்சனைடு கம்பியில் 10 நனோமீற்றர், 10 பெம்டோசெக்கன் (ஒரு பெம்டோசெக்கன் என்றால் செக்கனின் பத்துக் கோடி கோடியில் ஒரு பங்கு) நுணுக்கத்தைக் காட்டியது. அந்த இரண்டு இலக்கத்தையும் எல்லா இடத்திலும் ஒட்டக்கூடாது. அவர்கள் பாவித்தது பத்துக்கணக்கான டெராஹெர்ட்ஸ் துடிப்பு. 1 டெராஹெர்ட்ஸில் ஒரு அலைவுக்கே 1000 பெம்டோசெக்கன் போய்விடும்.

சிக்னல் போதாதென்று, கம்பியில் இலத்திரன்களைத் தூண்டும் லேசரின் வலுவை ஏற்றிக்கொண்டே போவதும் வேண்டாம். கம்பி சூடேறினாலும் கடத்துதிறன் மாறும், அதை இலத்திரன்களின் கணக்கில் எழுதிவிடுவீர்கள். வலுவை ஏற்றி அளந்த பிறகு பழைய வலுவுக்குத் திரும்பி, பழைய அளவு வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் கம்பி கருகிவிட்டது, அடுத்த கம்பியைத் தேடவேண்டியதுதான்.